தினம் ஒரு முகம்: எண்ணெய் வண்ண உருவப்படம் பற்றி வாசகர் கேள்விகள்

எண்ணெய் வண்ணத்தில் நாள்தோறும் முகம் தீட்டிப் பழகுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: வேலை முடிந்து வந்தால் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். எண்ணெய் வண்ணம் காயவே நாள்கணக்காகும் என்கிறார்கள். இதில் தினம் ஒரு முகம் எப்படிச் சாத்தியம்?

பதில்: தாராளமாகச் சாத்தியம். காயாமல் இருப்பதுதான் இங்கே சாதகமே. ஈரத்தின் மேல் ஈரமாக ஒரே அமர்வில் முடிக்கும் முறைக்கு அல்லா பிரிமா என்று பெயர். தினமும் வரைபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கைக்கொள்கிறார்கள்.

முதலில் அளவைக் குறையுங்கள். 6×8 அங்குலப் பலகை, மிஞ்சிப்போனால் 8×10. தலை உச்சியிலிருந்து தாடை வரை 5 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். பெரிய கேன்வாஸில் பாதி நேரம் பரப்பை நிரப்புவதிலேயே கரைந்துவிடும்.

120 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 15 நிமிடம், பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கொஞ்சம் டர்பென்டைன் கரைப்பானில் கரைத்துத் தலையின் சாய்வு, கண்கோடு, மூக்கடி, தாடை ஆகியவற்றை மட்டும் குறியுங்கள். அடுத்த 20 நிமிடத்தில் நிழல்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாக மெல்லிசாக நிரப்புங்கள். கண்குழியையும் மூக்கின் நிழலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம். பிறகு 45 நிமிடம் வெளிச்சம் படும் பகுதிகளின் நிறங்கள். கண், வாய், விளிம்புகள் என்று நுணுக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் பிரஷ் கழுவ. இந்தப் பத்தைத் திருடி மூக்கைத் திருத்தினால் மறுநாள் விறைத்துப்போன பிரஷ்ஷோடுதான் தொடங்க வேண்டியிருக்கும்.

விடுமுறை நாளில் வாரத்துக்கான ஏழு பலகைகளையும் சேர்த்துத் தயார் செய்துவிடுங்கள். அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு அல்லது மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பு, அதன்மேல் அக்ரிலிக்கில் நடுத்தரமான பழுப்பு அல்லது சாம்பல். வெள்ளைப் பரப்பில் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும். அதற்குப் பயந்து எல்லா நிறத்தையும் வெளுக்க அடித்துவிடுவோம். நடுத்தர டோன் (வெளிச்சம்-இருட்டின் அளவு) இருந்தால் முதல் தீற்றலிலேயே எது வெளிச்சம், எது நிழல் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பாதி வேலை வரை நிறங்கள் பளிச்சென்று இருக்கின்றன. அப்புறம் எல்லாம் கலங்கிச் சேறாகிவிடுகிறது. பெயின்ட் தரக்குறைவா?

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்லாதீர்கள். சேற்றுக்கு மூன்று காரணங்கள் உண்டு.

அடிப்பூச்சு தடிமனாக இருந்தால் மேலே வைக்கும் நிறம் உட்காராது. கீழே இருப்பதைக் கிளறிக்கொண்டு வரும். கீழே மெல்லிசு, மேலே தடிப்பு என்பது ஈரத்தின் மேல் ஈரத்துக்கு மாற்ற முடியாத விதி. இரண்டாவது, பிரஷ்ஷைத் துடைக்காமல் அடுத்த தீற்றலுக்குப் போவது. ஒரு தீற்றல், ஒரு துடைப்பு. வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று பிரஷ்களைப் பிரித்து வைத்தாலே சேறு பாதி குறையும். வைத்த தீற்றலை மறுபடி நீவாதீர்கள். சரியில்லை என்றால் பேலட் (வண்ணம் குழைக்கும் தட்டு) கத்தியால் வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. சேறு என்று நாம் நினைப்பது பல நேரம் நிறத்தின் கோளாறே இல்லை, டோன் தவறு. பேலட்டில் அழுக்காகத் தெரியும் ஒரு சாம்பல், ஒளி-நிழல் அளவு சரியாக அமைந்துவிட்டால் முகத்தில் தோலாகத் தெரியும். அதே சாம்பல் ஒரு படி இருட்டாகிவிட்டால் கறை. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சப் பகுதிக்குள் ஏதாவது ஒரு திட்டு நிழலின் குடும்பத்தில் சேர்ந்துகொண்டால் அதுதான் உங்கள் சேறு.

படம் முழுக்கப் பெயின்ட் திரண்டுவிட்டால் ஒரு பழைய வழி இருக்கிறது. செய்தித்தாளைப் படத்தின் மேல் பரப்பி, உள்ளங்கையால் அழுத்தி, மெதுவாக உரித்தெடுங்கள். மிகைப் பெயின்ட் தாளோடு வந்துவிடும். அடியில் மங்கலான, ஆனால் ஒழுங்கான முகம் மிஞ்சும். லண்டன் ஸ்லேட் கலைப் பள்ளியில் கற்பித்த ஹென்றி டாங்க்ஸ் பெயரால் இதை டாங்கிங் என்கிறார்கள். அந்த மங்கல் உருவத்தின் மேல் தொடர்வது புதிதாகத் தொடங்குவதைவிடப் பல நேரம் எளிது.

கேள்வி: கண், மூக்கு, வாய் தனித்தனியே அழகாக வருகின்றன. ஆனால் ஆள் வேறு யாரோ! சாயல் எங்கே தவறுகிறது?

பதில்: தனித்தனியே அழகாக வருவதில்தான் தவறுகிறது. இருபதடி தூரத்தில், கண்ணும் வாயும் தெளிவாகத் தெரியாதபோதே ஒருவரை அடையாளம் கண்டுவிடுகிறோம். தலையின் வடிவம், முடிக்கோடு, கன்ன அகலம், கழுத்து தோளில் அமரும் விதம், நிழல்களின் உருவம் ஆகியவைதான் சாயலில் பெரும்பங்கு. இவை தவறினால் இமைமயிரை எண்ணி வரைந்தாலும் ஆள் கிடைக்கமாட்டார்.

நேராகப் பார்க்கும் முகத்துக்குச் சில பொதுக் கணக்குகள் உண்டு. கண்கோடு தலையின் மொத்த உயரத்தில் ஏறக்குறையப் பாதியில் வரும். புதியவர்கள் அதை மேலே ஏற்றி நெற்றியைச் சுருக்கிவிடுவார்கள். முடிக்கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து தாடை, இந்த மூன்றும் ஏறத்தாழச் சமம். இரு கண்களுக்கு நடுவே ஒரு கண் அகலம். உதடுகள் சேரும் கோடு மூக்கடிக்கும் தாடைக்கும் இடையில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில். காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவில். தலையை நிமிர்த்தினால் காது இறங்கும், குனிந்தால் ஏறும்.

இந்தக் கணக்குகளை அப்படியே வரைந்தால் கிடைப்பது பொம்மை. எதிரில் இருப்பவர் இதிலிருந்து எங்கே விலகுகிறார் என்று பார்ப்பதற்காகத்தான் இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூக்கடிக்குக் கீழே வழக்கத்தைவிட நீளமா? ஒரு கண் தாழ்ந்திருக்கிறதா? அந்த விலகல்தான் அந்த ஆள். மற்றவர்கள் கவனித்துவிடக் கூடாதே என்று நாமே அதைச் சமன் செய்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து.

சரிபார்க்க இரண்டு கருவிகள் போதும். ஒன்று, நூலில் கட்டிய சிறு எடை. கண்ணின் உள்மூலையிலிருந்து அதைத் தொங்கவிட்டால் மூக்குச் சிறகில் எங்கே விழுகிறது, வாயின் ஓரத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று படத்தோடு ஒப்பிடலாம். மற்றொன்று கைக்கண்ணாடி. படத்தையும் ஆளையும் சேர்த்துக் கண்ணாடியில் பாருங்கள். பழகிப்போன கண் மன்னித்துவிட்ட கோணல் எல்லாம் சட்டென்று தெரியும். அரைமணிக்கு ஒருமுறை செய்தால் போதும்.

வாய் தனிக்கதை. வாயின் ஓரங்கள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே முகபாவம் மாறிவிடும். உதட்டைக் கோடு போட்டு அடைக்காதீர்கள். மேலிருந்து வெளிச்சம் வந்தால் மேலுதடு கீழ்நோக்கிய பரப்பு என்பதால் இருட்டாக இருக்கும். கீழுதடு வெளிச்சம் வாங்கும். அதற்கடியில் சிறு நிழல். இந்த மூன்று டோன்களே வாய். உதடுகளின் நடுக்கோடு ஒரே கனத்தில் ஓடாது, ஓரங்களில் அழுத்தமாகவும் இடையில் காணாமல் போயும் வரும். பற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால் கிடைப்பது சாயல் இல்லை, பல் மருத்துவமனை விளம்பரம்.

கேள்வி: கண்ணின் வெள்ளைக்கு எந்த வெள்ளை?

பதில்: தனி வெள்ளை எதுவும் வேண்டாம். விழிவெள்ளை ஒரு உருண்டை. அதன்மேல் மேலிமையின் நிழல் விழுகிறது. அது ஒரு சாம்பல்தான். பக்கத்தில் இருக்கும் தோலின் கலவையையே எடுத்து, கொஞ்சம் வெள்ளையும் துளி ஐவரி பிளாக் என்ற கறுப்பும் சேர்த்துப் பாருங்கள். கலப்பில்லாத வெள்ளைக்கு மிக அருகில் போவது கண்மணியின் மின்னல் புள்ளி ஒன்றே. அதை வைத்தபின் கண்ணைத் தொடாதீர்கள்.

கேள்வி: புத்தகங்களில் சொல்லும் தோல் நிறக் கலவைகள் வெளுத்த தோலுக்கே பொருந்துகின்றன. கருந்தோலுக்கும் மாநிறத்துக்கும் என்ன கலப்பது? வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூசியது போலாகிறது, கறுப்பு சேர்த்தால் உயிர் போகிறது.

பதில்: நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். டைட்டானியம் ஒயிட் மிகுந்த வலிமை கொண்டது; நிறத்தை வெளிறச் செய்வதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கிவிடும். ஆகவே வெளிச்சத்துக்குப் போகும்போது வெள்ளையைக் கடைசியில் எடுங்கள்.

நடுத்தர டோனில் தொடங்கலாம். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 2 பங்கு, யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்) 1 பங்கு, அல்ட்ராமரின் புளூ அரைப் பங்கு. மாநிறத்துக்கு ஆக்கரைக் கூட்டுங்கள். கருந்தோலுக்கு அல்ட்ராமரினைக் கூட்டி, ஆக்கருக்குப் பதில் பர்ன்ட் அம்பர். இதிலிருந்து ஒரு படி வெளிச்சமாக்க முதலில் ஆக்கரும் துளி காட்மியம் ரெட் லைட்டும். அதற்கும் அடுத்த படிக்குத்தான் வெள்ளை, அதுவும் கத்தி முனையளவு. நிழலுக்குக் கறுப்பை நாட வேண்டியதில்லை. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும் சேர்ந்தாலே கறுப்புக்கு அருகில் போகும். அதில் கொஞ்சம் நிரந்தர வகைக் (மங்காத) கிரிம்சன் சிவப்பு விட்டால் நிழலுக்குள் ரத்தம் ஓடும். நிழலை மெல்லிசாக, அடிப்பரப்பு கொஞ்சம் ஊடுருவித் தெரியும்படி விடுங்கள். தடித்த நிழல் சுவர் போல் அடைத்துக்கொள்ளும்.

கருந்தோலின் அழகு ஹைலைட்டில் இருக்கிறது. தோலின் சொந்த டோனுக்கும் மின்னும் புள்ளிக்கும் இடைவெளி அதிகம் என்பதால் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகியவை பளிச்சென்று பேசும். அந்த மினுக்கத்தின் நிறம் தோலின் நிறம் இல்லை, விளக்கின் நிறம். ஜன்னல் வழி வானவெளிச்சம் என்றால் அது நீலச்சாம்பல். மஞ்சள் பல்பு என்றால் வெதுவெதுப்பான மஞ்சள். இதைத் தெரிந்துகொண்டால் வெள்ளையைக் குழைத்துத் தோல் மேல் பூசும் பழக்கம் தானாகவே போய்விடும்.

முகம் முழுக்க ஒரே நிறம் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். பெரும்பாலானவர்களுக்கு நெற்றி கொஞ்சம் மஞ்சள் சாய்வாகவும், மூக்கு, கன்னம், காது செம்மையாகவும், தாடைப்பகுதி சாம்பல் சாய்வாகவும் இருக்கும். மழித்த தாடையில் அந்தச் சாம்பல் துலக்கமாகத் தெரியும்.

கேள்வி: குறைந்தபட்சம் எத்தனை டியூப் வேண்டும்?

பதில்: நான்கு. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரால் அறியப்படும் பேலட் (நிறத் தொகுப்பு) அது: வெள்ளை, யெல்லோ ஆக்கர், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக். இப்போது வெர்மிலியன் இடத்தில் காட்மியம் ரெட் லைட் வைக்கிறார்கள். நீலம் எங்கே என்பீர்கள். ஐவரி பிளாக்கில் வெள்ளை கலந்தால் வரும் சாம்பல், செம்மஞ்சள் நிறங்களுக்கு நடுவே நீலமாகவே தெரியும். ஆக்கரோடு அதே கறுப்பு சேர்ந்தால் ஆலிவ் பச்சை. தினப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை, ஏனென்றால் நிறத்தைத் தேடும் நேரம் மிச்சமாகி டோனைப் பார்க்கக் கிடைக்கும்.

டியூப் வாங்கும்போது அழகான பெயரை விட்டுவிட்டுச் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் படியுங்கள். பிஆர்83 என்றால் அசல் அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் மங்கும். பிடபிள்யூ4 என்றால் ஜிங்க் வெள்ளை. எண்ணெயில் நாளடைவில் மொறுமொறுப்பாகி விரிசல் விடக்கூடியது. பிடபிள்யூ6 மட்டும் இருந்தால் டைட்டானியம்; அதை எடுங்கள்.

கேள்வி: தினமும் யார் வந்து உட்காருவார்கள்? புகைப்படம் பார்த்து வரையலாமா? கண்ணாடி போதுமா?

பதில்: சம்பளம் கேட்காத, நேரத்துக்கு வரும் ஒரே மாடல் கண்ணாடியில் இருப்பவர்தான். ரெம்பிராண்ட் தன்னையே சுமார் 40 எண்ணெய் ஓவியங்களில் தீட்டியிருக்கிறார். கண்ணாடியை, படம் நிறுத்தும் ஈசல் சட்டத்துக்கு மிக அருகில், கண் மட்டத்தில் வையுங்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தினால் படத்துக்கும் கண்ணாடிக்கும் போய்வர முடிய வேண்டும்.

வேறொருவர் உட்கார்ந்தால் 20 நிமிடம் அமர்வு, 5 நிமிடம் ஓய்வு. எழுவதற்கு முன் நாற்காலிக் கால்கள், பாதங்கள், கையின் இடம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டிவிடுங்கள். பார்க்க வேண்டிய இடத்துக்கும் சுவரில் ஒரு குறி. முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள், பிறகு தளர்வார்கள். தளர்ந்தபின் குறியுங்கள். குழந்தைகளை உட்கார வைக்க முயலாதீர்கள். நிறத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டு படத்துக்குப் புகைப்படத்தை நம்புங்கள்.

புகைப்படம் தவறில்லை, அருகில் நின்று எடுத்த செல்போன் படம்தான் தவறு. கை நீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி, முகம் ஒடுங்கிவிடும். அதைப் பார்த்து எவ்வளவு சரியாக வரைந்தாலும் ஆள் வரமாட்டார். இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். ஃபிளாஷ் கூடாது. பக்கவாட்டில் 45 பாகை, தலைக்கு மேலே 45 பாகை என்று ஒரே விளக்கு அல்லது ஒரே ஜன்னல். புகைப்படம் நிழல்களைக் கறுப்பாக்கிவிடும். நிழலுக்குள் விவரம் தெரியும்படி சற்று வெளிச்சமாக இன்னொரு படமும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவில் சரியாக இருந்த நிறம் காலையில் பார்த்தால் நீலமாக இருக்கிறது.

பதில்: மஞ்சள் விளக்கில் வரைந்திருப்பீர்கள். அந்த மஞ்சளை ஈடுகட்ட உங்கள் கை நீலத்தைக் கூட்டியிருக்கும். 5000 கெல்வின் நிறவெப்பமும் சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேலும் குறித்த எல்இடி விளக்கு போடுங்கள். முக்கியமாக, பேலட்டுக்கும் படத்துக்கும் ஒரே விளக்கு.

கேள்வி: படத்தில் தலைமுடியும் இருண்ட சட்டையும் காய்ந்ததும் மங்கித் திட்டுத்திட்டாகப் பவுடர் அடித்தது போல் ஆகின்றன. ஏன்?

பதில்: எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. அடிப்பரப்பு அதிகமாக உறிஞ்சினாலோ, பெயின்ட்டில் டர்பென்டைன் கூடிவிட்டாலோ இது நேரும். இருண்ட நிறங்களில்தான் பளிச்சென்று தெரியும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின் லின்சீட் ஆயிலும் (ஆளி விதை எண்ணெய்) வாசனை குறைந்த கரைப்பானும் சம அளவில் கலந்து, மென்துணியால் மிக மெல்லிசாகத் தடவி, சில நிமிடம் கழித்து முழுக்கத் துடைத்துவிடுங்கள். நிறம் திரும்பிவிடும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்து மஞ்சளாகும். மேலே தொடர்ந்து வரையப்போகிறீர்கள் என்றால், அடுத்த அடுக்கில் எண்ணெய் முந்தையதைவிடக் குறையக் கூடாது. எண்ணெய் மிகுந்த அடுக்கின் மேல் எண்ணெய் குறைந்ததை வைத்தால் மேலடுக்கு முதலில் இறுகி, அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்க, விரிசல் விழும்.

கேள்வி: மிச்சப் பெயின்ட்டைத் தினமும் தூக்கி எறிய மனம் வரவில்லை.

பதில்: எறியாதீர்கள். கண்ணாடிப் பேலட்டைப் பிளாஸ்டிக் தாளால் காற்றுப்புகாமல் மூடி ஃபிரீசரில் வையுங்கள். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. குளிர் அதைத் தாமதப்படுத்தும். அம்பர் வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் அவை முதலில் போய்விடும், காட்மியமும் ஐவரி பிளாக்கும் பல நாள் தாங்கும். மூடிய டப்பாவுக்குள் பஞ்சில் ஒரு துளி கிராம்பு எண்ணெய் வைத்தாலும் காய்வது தள்ளிப்போகும். அதைப் பெயின்ட்டிலேயே கலந்தால் படலம் பலவீனமாகும்.

கேள்வி: மூன்று மாதம் தினமும் வரைந்தேன். முதல் மாதம் இருந்த வேகம் இப்போது இல்லை. ஒவ்வொரு படமும் முந்தையதைவிட மோசமாகத் தெரிகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: பலகைகளின் பின்னால் தேதி எழுதியிருந்தால் முதல் வாரத்துப் படத்தையும் நேற்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவறுகளைக் கண்டுபிடிக்கும் திறமை கையைவிட வேகமாக வளர்ந்துவிடும். அந்த இடைவெளிதான் மோசமாகத் தெரிகிறது. படம் கெட்டுப்போகவில்லை என்று பெரும்பாலும் தெரியவரும்.

ஆனால் அலுப்புக்கு வேறொரு உண்மையான காரணமும் உண்டு. தினமும் முழுப்படம் முடிக்க வேண்டும் என்று கட்டிக்கொண்டால் தெரிந்த தந்திரங்களையே கை திரும்பச் செய்யும். வாரத்துக்கு ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இரண்டே டோன்: வெளிச்சம் ஒன்று, நிழல் ஒன்று, நடுவில் எதுவும் கிடையாது. ஒரு வாரம் 8 எண் ஃபில்பர்ட் (முனை வளைந்த தட்டை) பிரஷ் மட்டும். ஒரு வாரம் விளிம்புகள்: முடி நெற்றியில் கரையும் இடம், இருண்ட கன்னம் இருண்ட பின்னணியில் தொலையும் இடம். ஒரு வாரம் காது. காதைப் பொருட்படுத்துபவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே பல நல்ல படங்களில் காது மட்டும் ஒட்டவைத்தது போல் இருக்கும். அந்த வாரத்துச் சிக்கலைத் தவிர மற்றது எப்படிப் போனாலும் கவலை வேண்டாம். இரண்டு டோனில் நெற்றி திடீரென்று உருண்டு நிற்கும் நாள் ஒன்று வரும். அந்தத் திருப்திக்காகத்தான் பலரும் இதை விடுவதில்லை.

வழித்தெடுக்கும் உரிமையையும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை.

கேள்வி: பழைய பலகை மேலேயே மறுபடி ஜெஸ்ஸோ அடித்து வரையலாமா?

பதில்: கூடாது. காய்ந்த எண்ணெய்ப் பரப்பின் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ சரியாகப் பிடிக்காது, பின்னால் உரியும். எண்ணெய் அடிப்படையிலான பிரைமர்தான் வேண்டும். தேய்ப்பதானால் ஈரத் தேய்ப்பு. உலரத் தேய்த்தால் காட்மியம் தூசி மூக்குக்குள் போகும்.

கேள்வி: டர்பென்டைன் வாசனையில் தலைவலி. வீட்டில் சிறு குழந்தையும் இருக்கிறது.

பதில்: கரைப்பான் இல்லாமலே வரையலாம். அடிவரைவுக்குப் பெயின்ட்டைக் கரைக்காமல், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பரப்புங்கள். நடுவில் பிரஷ் சுத்தம் செய்யத் துணியில் துடைத்து, சேஃப்ளவர் (குசும்பா) எண்ணெயில் அலசி மறுபடி துடைத்தால் போதும். முடிந்ததும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். நுரை வெள்ளையாகும்வரை கழுவி, முனையை விரலால் வடிவாக்கிப் படுக்கவைத்து உலர்த்துங்கள்.

வாசனையைவிடப் பெரிய ஆபத்து துணி. லின்சீட் ஆயில் தோய்ந்த துணிகள் காயும்போது வெப்பம் உண்டாகும். கசக்கிக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கலாம். ஒவ்வொரு நாளும் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் ஈரப்படம் உலரவிடாதீர்கள்.

கேள்வி: அலமாரிக்குள் அடுக்கி வைத்த படங்கள் மஞ்சள் பூத்துவிட்டன. வார்னிஷ் அடித்தால் சரியாகுமா?

பதில்: வார்னிஷ் மஞ்சளை நீக்காது, அப்படியே மினுக்கிக் காட்டும். லின்சீட் ஆயில் இருட்டில் மஞ்சளடையும். நல்ல வெளிச்சமுள்ள, நேர்வெயில் படாத இடத்தில் சில வாரம் வைத்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும். அதன்பிறகு வார்னிஷ். மெல்லிய படத்துக்கு ஆறு மாதம், தடித்த பூச்சுக்கு ஒரு வருடம் பொறுப்பது பழைய வழக்கம். சந்தேகமாக இருந்தால் படத்தின் ஓரத்தில், கரைப்பானில் லேசாக நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னும் காயவில்லை. பூசும்போது ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நல்லது. பூசியபின் பலகையைத் தூசி படாத இடத்தில் 24 மணி நேரம் படுக்கையாக வையுங்கள்.